இரண்டு வாரம் கடந்த இருமல்

மைசூரு நகரிலிருந்து கிருஷ்ணராஜசாகர் அணைக்குச் செல்லும் சாலையில் பழமையான மருத்துவமனை ஒன்று உள்ளது. இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி காசநோய் மருத்துவமனை என்பது அதன் பெயர். இளவரசி கிருஷ்ணாஜம்மண்ணி, மைசூரு மன்னர் நான்காம் கிருஷ்ணராஜ உடையாரின் தங்கை ஆவார். அவர் காசநோயால் இளம் வயதிலேயே உயிரிழந்தார். அவருடைய மகள்களையும் அதே நோய் கொண்டு சென்றது. அவர்களின் நினைவாக மன்னர் 1921ஆம் ஆண்டில் இம்மருத்துவமனையை நிறுவினார்.

செல்வமும் அரண்மனை வைத்தியர்களும் இருந்தும் ஓர் அரச குடும்பத்தால் தன் பிள்ளைகளைக் காப்பாற்ற இயலவில்லை. காரணம் எளியது. அக்காலத்தில் காசநோயைக் குணப்படுத்தும் மருந்து உலகில் எங்குமே இல்லை. இன்று மருந்து இருக்கிறது. அரசு மருத்துவமனைகளில் அது கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆயினும் நோய் மறையவில்லை. பல வீடுகளில் நீண்ட நாள் இருமலைப் பொருட்படுத்தாமல் விடுவதும், வெளியே சொல்லக் கூச்சப்படுவதும் அதற்கு முக்கியக் காரணங்களாகும்.

குழந்தைகளுக்கு வரும் இருமல்களில் பெரும்பாலானவை தீங்கற்றவை. சில இருமல்கள் மட்டும் மருத்துவரின் கவனத்தை வேண்டுபவை. இவ்விரண்டையும் பிரித்தறியக் கற்றுக்கொண்டால் வீணான அச்சமும் நேராது. தேவையான மருத்துவமும் தாமதமாகாது.

இருமல் எவ்வாறு உண்டாகிறது?

இருமல் ஒரு நோய் அன்று. அது உடலின் காவல் முறை. மூக்கிலிருந்து நுரையீரல் வரை செல்லும் காற்றுப்பாதையின் உட்புறத்தில் ஈரமான மென்படலம் உள்ளது. அதன்மேல் கண்ணுக்குத் தெரியாத நுண்ணிய இழைகள் அடர்ந்திருக்கின்றன. காற்றோடு வரும் தூசியும் கிருமிகளும் அங்குள்ள சளியில் ஒட்டிக்கொள்கின்றன. வயலில் காற்றடிக்கும்போது நெற்பயிர் அசைவதுபோல இந்த இழைகள் இடைவிடாது அசைந்து, அச்சளியைத் தொண்டையை நோக்கி மேலே தள்ளுகின்றன.

சளி மிகுந்தாலும், புகையோ உணவுத்துணுக்கோ உள்ளே புகுந்தாலும் இழைகளின் வேலை மட்டும் போதாது. அப்போது காற்றுப்பாதையிலுள்ள நரம்பு முனைகள் மூளையின் அடிப்பகுதியான முகுளத்திற்குச் செய்தி அனுப்புகின்றன. முகுளத்தின் கட்டளையால் முதலில் ஆழ்ந்த மூச்சு உள்ளே இழுக்கப்படுகிறது. பின்னர்க் குரல்வளை இறுக மூடிக்கொள்கிறது. மார்புத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் சுருங்க, உள்ளே காற்றழுத்தம் உயர்கிறது. இறுதியில் குரல்வளை சட்டெனத் திறக்க, காற்று வெடித்துப் பாய்ந்து தடையை வெளியே தள்ளுகிறது. இவை யாவும் ஒரு நொடிக்குச் சற்று முன்பின்னான நேரத்தில் நிகழ்ந்து முடிகின்றன.

ஆகவே, எல்லா இருமலையும் அடக்கிவிட வேண்டும் என்று எண்ணுவது பிழை. வாசலில் நாய் குரைத்தால் நாயை அடிப்பதைவிட, யார் வந்திருக்கிறார் என்று பார்ப்பதே அறிவுடைமை.

நாள்களை எண்ணுதல்

பள்ளி செல்லும் வயதுக்கு முந்தைய குழந்தைகளுக்கு ஓர் ஆண்டில் ஆறு முதல் எட்டு முறை வரை சளி பிடிப்பது இயல்பு. இவற்றுக்குப் பெரும்பாலும் வைரசுகளே காரணம். காய்ச்சலும் மூக்கொழுகலும் சில நாள்களில் நின்றுவிடும். இருமல் மட்டும் பின்தங்கி நிற்கும். சளியோடு வரும் இருமல், பத்துக் குழந்தைகளில் ஒன்பது பேருக்கு ஏறத்தாழ 25 நாள்களுக்குள் நின்றுவிடுகிறது என்று மருத்துவ ஆய்வுகள் காட்டுகின்றன. வைரசுகளின்மேல் நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகளுக்கு ஆற்றல் இல்லை. ஆதலால் சாதாரணச் சளிக்கு அவற்றைக் கேட்டு வாங்குவதால் பயன் இல்லை.

இருமல் எத்தனை நாள்களாக இருக்கிறது என்பதோடு, அது எத்தகைய குழந்தைக்கு இருக்கிறது என்பதையும் மருத்துவர் பார்க்கிறார். நன்றாக உண்டு, ஓடி விளையாடி, நாளுக்கு நாள் தேறிவரும் குழந்தையின் இருமல் ஒருவகை. வாடிச் சோர்ந்து, மாலைதோறும் உடல் சுடுகிற குழந்தையின் இருமல் வேறு வகை. இந்தியாவின் காசநோய் ஒழிப்புத் திட்டம் இரண்டு வாரம் என்பதை எல்லையாக வைத்திருக்கிறது. இருமலோ காய்ச்சலோ இரண்டு வாரத்திற்கு மேல் நீடித்தால் மருத்துவரிடம் காட்ட வேண்டும். எல்லையைக் கடந்த இருமல் அனைத்தும் காசநோய் என்று இதற்குப் பொருள் இல்லை. காரணத்தைத் தேடிப் பார்க்க வேண்டிய காலம் வந்துவிட்டது என்பதே பொருள்.

நீடிக்கும் இருமலின் காரணங்கள்

நீண்ட நாள் இருமலுக்கு ஆஸ்துமா ஒரு முக்கியக் காரணம். இதில் மூச்சுக்குழல்கள் எளிதில் வீங்கிச் சுருங்குகின்றன. இருமல் இரவிலும் விடியற்காலையிலும் மிகும். ஓடினாலும், உரக்கச் சிரித்தாலும், குளிர்காற்றுப் பட்டாலும் கிளம்பும். மூச்சு விடும்போது மெல்லிய சீழ்க்கை போன்ற ஒலி கேட்கலாம். ஆஸ்துமாவுக்கு உள்ளிழுக்கும் மருந்தே சிறந்தது. அதற்குப் பழகிவிட்டால் விட முடியாது என்று சிலர் அஞ்சுகின்றனர். அவ்வச்சத்திற்கு அடிப்படை இல்லை. உள்ளிழுக்கும் மருந்து நேரே மூச்சுக்குழலைச் சென்று சேர்வதால், மிகச் சிறிய அளவே போதுமானதாகிறது.

புகை மற்றொரு காரணம். வீட்டுக்குள் புகைக்கும் பீடி, சிகரெட்டு, விறகடுப்பின் புகை, கொசுவர்த்திச் சுருளின் புகை ஆகியவை காற்றுப்பாதையின் நுண்ணிழைகளைத் தளரச் செய்கின்றன. மைசூரு ஊதுபத்திக்குப் புகழ்பெற்ற நகரம். நறுமணம் வீசும் ஊதுபத்தியும் புகைதான் என்பதை மறத்தல் கூடாது. சாளரங்களை மூடிய சிறு அறையில் அது நெடுநேரம் எரிந்தால், இருமும் குழந்தைக்குத் துன்பம் மிகும். சாளரத்தைத் திறந்து வைப்பது செலவில்லாத மருத்துவம்.

கக்குவான் இருமல் என்பது பாக்டீரியாவால் வரும் தொற்று. அடுக்கடுக்காக இருமி, மூச்சு முட்டி, இறுதியில் ஓலமிடுவதுபோல ஒலியெழ மூச்சிழுப்பது இதன் இயல்பு. வாரக்கணக்கில் நீடிப்பதால் இதனை நூறு நாள் இருமல் என்றும் சொல்வதுண்டு. கன்னடத்தில் இதற்கு 'நாயிகெம்மு' என்று பெயர். கைக்குழந்தைகளுக்கு இது மிகவும் ஆபத்தானது. அவர்கள் ஓலமிடாமலே மூச்சு நின்று போகக்கூடும். பிறந்த ஆறாவது, பத்தாவது, பதினான்காவது வாரங்களில் போடப்படும் தடுப்பூசி இந்நோயிலிருந்து காக்கிறது.

நேற்றுவரை நலமாக இருந்த குழந்தை, விளையாடும்போதோ உண்ணும்போதோ திடீரென மூச்சுத் திணறி இருமத் தொடங்கினால், நிலக்கடலையோ புளியங்கொட்டையோ பொத்தானோ மூச்சுக்குழலில் நுழைந்திருக்கலாம். முதல் திணறல் அடங்கிவிட்டதே என்று இருந்துவிடக் கூடாது. உள்ளே தங்கிய பொருள் வாரக்கணக்கில் இருமலையும், திரும்பத் திரும்ப நுரையீரல் அழற்சியையும் உண்டாக்கும். விழித்திருக்கும்போது ஓயாது இருமி, தூங்கும்போது மட்டும் முற்றிலும் நின்றுவிடும் இருமலும் உண்டு. அது பழக்கத்தால் வருவது. திட்டினால் தீராது, அமைதியான பேச்சாலும் பயிற்சியாலும் தீரும்.

பெயரில் இருக்கும் அறிவு

இவற்றோடு மருத்துவர் மறவாது எண்ணிப் பார்க்கும் நோய், காசநோய் ஆகும். இந்நோயின் பெயர்களே அதன் அறிகுறிகளைச் சொல்லித் தருகின்றன. 'காசம்' என்ற சொல்லுக்கு இருமல் என்பது பொருள். எனவே காசநோய் என்றால் இருமல் நோய். இதற்கு 'என்புருக்கி நோய்' என்ற பெயரும் தமிழில் வழங்குகிறது. என்பு என்றால் எலும்பு. எலும்பையே உருக்குவதுபோல உடலை மெலியச் செய்யும் நோய் என்பது அதன் பொருள். கன்னடத்தில் இதனை 'க்ஷய' என்பர். அச்சொல்லுக்குத் தேய்தல் என்று பொருள்.

முதல் பெயர் இருமலைக் காட்டுகிறது. மற்ற இரண்டும் மெலிவைக் காட்டுகின்றன. குழந்தைகளைப் பொறுத்தவரை பின்னிரண்டு பெயர்களே மிகுதியும் பொருந்துகின்றன. காசநோய் வந்த பெரியவர் இருமிச் சளி துப்புவார். குழந்தைக்கோ இருமல் இலேசாகவே இருக்கலாம். ஆனால் எடை குறையும். அல்லது ஏற வேண்டிய எடை ஏறாமல் நிற்கும். மூன்று மாதத்தில் உடல் எடையில் நூற்றுக்கு ஐந்து பங்கு குறைந்தால் அது கவனிக்க வேண்டிய அறிகுறி. இருபது கிலோ எடையுள்ள பிள்ளை ஒரு கிலோ குறைவது இதற்குச் சமம். மாலைக் காய்ச்சல், பசியின்மை, விளையாட்டில் நாட்டமின்மை, கழுத்தில் வலியில்லாத கட்டிகள் ஆகியவையும் அறிகுறிகளாகும்.

நோய் வரும் வழி

1882ஆம் ஆண்டு மார்ச் 24ஆம் நாள் செருமானிய மருத்துவர் இராபர்ட் காக், காசநோய் ஒரு பாக்டீரியாவால் உண்டாகிறது என்று பெர்லின் நகரில் அறிவித்தார். அந்நாளே இன்று உலகக் காசநோய் நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. அதற்குமுன் இது பரம்பரையாக வருவது என்றும், விதியின் பயன் என்றும் மக்கள் கருதினர். ஒரே வீட்டில் தாயும் மகள்களும் அடுத்தடுத்து நோயுற்றதைக் கண்டவர்கள் அவ்வாறு எண்ணியதில் வியப்பில்லை. உண்மையில் அவர்கள் பகிர்ந்துகொண்டது ஒரே வீட்டின் காற்றையே ஆகும்.

நுரையீரல் காசநோய் உள்ள ஒருவர் இருமும்போது கிருமிகள் காற்றில் பரவுகின்றன. காற்றோட்டமில்லாத அறையில் அவை நெடுநேரம் மிதந்திருக்கும். அக்காற்றைச் சுவாசிப்பவருக்கு நோய் தொற்றலாம். தட்டு, குவளை, உடை, கைகுலுக்கல் ஆகியவற்றால் இது பரவுவதில்லை. நோயுற்றவரின் தட்டைத் தனியே ஒதுக்கி வைப்பதால் யாருக்கும் நன்மை இல்லை. அவர் மனம் புண்படுவது ஒன்றே மிச்சம்.

சிறு குழந்தைகளின் நுரையீரலில் கிருமிகளின் எண்ணிக்கை குறைவு. அவர்களின் இருமலும் வலுவற்றது. ஆகவே அவர்கள் பிறருக்கு நோயைப் பரப்புவது அரிது. பெரும்பாலும் வீட்டிலோ அருகிலோ உள்ள பெரியவர் ஒருவரிடமிருந்தே குழந்தைக்கு நோய் வந்திருக்கும். குழந்தைக்குக் காசநோய் என்று தெரிந்தவுடன் வீட்டில் உள்ள அனைவரையும் மருத்துவர் சோதிக்கச் சொல்வது இதனால்தான். நெடுநாளாக இருமிக்கொண்டிருக்கும் ஒரு பெரியவர், வேலை போய்விடுமோ, வாடகை வீட்டைக் காலிசெய்யச் சொல்வார்களோ என்று அஞ்சித் தம் இருமலை மறைத்திருக்கலாம். அவரைக் கண்டறிந்து குணப்படுத்தினால்தான் குழந்தையும் பாதுகாப்பாக இருக்கும். அவரைக் குற்றவாளியாக நடத்தினால் அடுத்தவரும் தம் இருமலை மறைப்பார்.

கண்டறியும் முறை

குழந்தையின் காசநோயைக் கண்டறிவதில் ஓர் இடர் உண்டு. பெரியவர்கள் சளியைத் துப்பிக் கொடுப்பார்கள்; குழந்தைகள் விழுங்கிவிடுவார்கள். எனவே மருத்துவர்கள் அதிகாலையில், குழந்தை எதையும் உண்பதற்கு முன், மூக்கின் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி வயிற்றிலிருந்து நீரை எடுத்துச் சோதிக்கின்றனர். இரவில் விழுங்கிய சளி அதில் இருக்கும். கிருமியின் மரபுப்பொருளைத் தேடும் கருவி ஏறத்தாழ இரண்டு மணி நேரத்தில் விடை தருகிறது. மார்பு ஊடுகதிர்ப் படமும், கையின் தோலில் மருந்தேற்றி 48 முதல் 72 மணி நேரத்திற்குள் வீக்கத்தை அளந்து பார்க்கும் மாண்டூ சோதனையும் துணை செய்கின்றன.

இந்தியாவில் குழந்தை பிறந்தவுடன் போடப்படும் பி.சி.ஜி. தடுப்பூசி, காசநோய்க் கிருமிக்கு எதிரானது. மைசூரில் காசநோய் மருத்துவமனை தோன்றிய அதே 1921ஆம் ஆண்டில்தான் பாரிசு நகரில் இவ்வூசி மருந்து முதன்முதலாக ஒரு குழந்தைக்குக் கொடுக்கப்பட்டது. இந்தியாவிலேயே இதனை உருவாக்கும் ஆய்வுக்கூடம் 1948இல் சென்னைக் கிண்டியில் தொடங்கப்பட்டது. மூளையுறையைத் தாக்குவது போன்ற கொடிய வகைக் காசநோய்களிலிருந்து இது குழந்தைகளைக் காக்கிறது. நுரையீரல் காசநோயை முழுமையாகத் தடுக்க இதனால் இயலாது. ஆகவே ஊசி போட்ட தழும்பு இருக்கிறது என்று நீடித்த இருமலைப் புறக்கணிக்கலாகாது.

சானடோரியத்திலிருந்து வீட்டிற்கு

மருந்தில்லாத காலத்தில் தூய காற்று, ஓய்வு, சத்துணவு ஆகிய மூன்றையுமே மருத்துவர்கள் நம்பினர். அதற்காக ஊருக்கு வெளியே மரங்கள் சூழ அமைக்கப்பட்ட நீண்ட நாள் மருத்துவமனைகள் சானடோரியம் எனப்பட்டன. மைசூரின் மருத்துவமனையும் அவ்வகையில் எழுந்ததே. சென்னைக்கு அருகே தாம்பரத்தில் மருத்துவர் செளரிமுத்து 1928இல் ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். அங்குள்ள இரயில் நிலையம் இன்றும் 'தாம்பரம் சானடோரியம்' என்றே அழைக்கப்படுகிறது. அந்நாளில் சிலர் தேறினர், பலர் மீளவில்லை. தமிழ்ச் சிறுகதையின் முன்னோடிகளுள் ஒருவரான புதுமைப்பித்தன் 1948இல் காசநோயால் மறைந்தபோது அவருக்கு வயது 42.

அப்போது உலகின் சில ஆய்வுக்கூடங்களில் விடை உருவாகிக்கொண்டிருந்தது. 1940களில் ஸ்ட்ரெப்டோமைசினும், 1952இல் ஐசோனியசிட் என்னும் விலை மலிந்த மாத்திரையும் பயன்பாட்டுக்கு வந்தன. எனினும், நோயாளர் எண்ணிக்கைக்கு ஏற்ற படுக்கைகள் இந்தியாவில் இல்லை. நெரிசலான எளிய வீடுகளில் இருந்துகொண்டே மாத்திரை உண்டால் நோய் தீருமா என்ற கேள்வி எழுந்தது.

அதற்கு விடை தந்தது சென்னை. 1956இல் அங்கே காசநோய் மருந்தாய்வு நிலையம் தொடங்கப்பட்டது. நோயாளர்களை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சானடோரியத்திலும் மறு பிரிவினர்க்கு அவரவர் வீட்டிலும் ஓராண்டு ஒரே மருந்துகள் கொடுக்கப்பட்டன. வீட்டிலிருந்தோர்க்கு நல்ல உணவும் ஓய்வும் குறைவாகவே கிடைத்தன. ஆயினும் 1959இல் முடிவு வெளியானபோது, இரு பிரிவினரும் ஏறக்குறைய ஒரே அளவில் குணமடைந்திருந்தனர். வீட்டிலிருந்த நோயாளரின் குடும்பத்தார்க்கும் அதனால் கூடுதலாக நோய் பரவவில்லை. காற்றையும் கட்டடத்தையும்விட, நாள் தவறாது உண்ணும் மருந்தே நோயைத் தீர்க்கிறது என்பது தெளிவாயிற்று. உலகின் பல நாடுகள் அதன்பின் தம் மருத்துவ முறையை மாற்றிக்கொண்டன. அந்நிலையம் இன்று தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் என்ற பெயரில் சேத்துப்பட்டில் இயங்குகிறது.

இன்று சாதாரணக் காசநோய்க்கு ஆறு மாத மருந்து போதும். குழந்தையின் எடைக்கேற்ப, நீரில் கரையும் மாத்திரைகள் கொடுக்கப்படுகின்றன. அவற்றுள் ஒன்றான ரிஃபாம்பிசின் சிறுநீரைச் செம்மஞ்சள் நிறமாக்கும். அது கண்டு அஞ்ச வேண்டியதில்லை. சில வாரங்களிலேயே காய்ச்சல் நின்று பசி எடுக்கும். நோய் தீர்ந்துவிட்டது என்று கருதி மருந்தை நிறுத்துவது பெரும் தவறு. எஞ்சிய கிருமிகள் மருந்துக்கு அடங்காதவையாக மாறி மீண்டும் தாக்கக்கூடும்.

பிழைப்புக்காக ஊர்விட்டு ஊர் வந்த குடும்பங்கள் இதில் தனிக்கவனம் கொள்ள வேண்டும். கோடை விடுமுறைக்கோ பொங்கலுக்கோ சொந்த ஊர் செல்லும்போது மருந்து விட்டுப்போவது உண்டு. நோயாளரின் விவரம் 'நிக்ஷய்' என்னும் நாடு தழுவிய பதிவேட்டில் இருக்கிறது. மைசூரில் தொடங்கிய மருத்துவத்தைத் தமிழ்நாட்டின் எந்த மாவட்டத்திலும் தொடரலாம். புறப்படுமுன் மருத்துவமனையில் சொல்லிவிட்டாலே போதும். சத்துணவுக்காக மாதம் 1000 ரூபாய் உதவித்தொகையும் அரசு வழங்குகிறது.

வீட்டு மருந்தும் அதன் எல்லையும்

தமிழர் வீடுகளில் இருமலுக்குத் தூதுவளை, கற்பூரவல்லி, ஆடாதோடை ஆகியவை நெடுங்காலமாகப் பயன்பட்டு வருகின்றன. கற்பூரவல்லியை மைசூரில் 'தொட்டபத்ரே' என்பர்; ஆடாதோடையை 'ஆடுசோகெ' என்பர். ஆடாதோடையில் உள்ள வாசிசின் என்ற பொருளை அடிப்படையாகக் கொண்டே, சளியை இளக்கும் புரோம்ஹெக்சின் என்ற மருந்து உருவாக்கப்பட்டது. ஒரு வயது கடந்த குழந்தைக்கு உறங்கும் முன் சிறிது தேன் கொடுத்தால் இரவு இருமல் தணியும். ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. அதில் இருக்கக்கூடிய ஒரு நுண்ணுயிர் கொடிய நோயை உண்டாக்கும்.

கடையில் தாமாகவே வாங்கும் இருமல் மருந்து பற்றிக் கூடுதல் எச்சரிக்கை வேண்டும். 2025ஆம் ஆண்டில் மத்தியப் பிரதேசத்தில், நச்சுப்பொருள் கலந்த இருமல் மருந்தைக் குடித்த குழந்தைகள் பலர் சிறுநீரகம் செயலிழந்து மாண்டனர். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இருமல், சளி மருந்துகளைக் கொடுக்கக் கூடாது என்றும், ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பொதுவாக அவை தேவையில்லை என்றும் நடுவண் அரசின் சுகாதாரத் துறை அறிவுறுத்தியது. வெதுவெதுப்பான நீர், ஓய்வு, நல்ல காற்று ஆகியவையே சாதாரணச் சளிக்குப் போதுமானவை.

வீட்டு மருந்து இருமலைத் தணிக்கலாம், காரணத்தைக் கண்டுபிடிக்காது. இரண்டு வாரம் கடந்தபின் கசாயத்தை மட்டும் நம்பியிருப்பது பொறுமை ஆகாது. காலத்தை இழப்பதே ஆகும்.

மருத்துவரிடம் சொல்ல வேண்டியவை

இருமல் தொடங்கிய நாள், அது மிகும் நேரம், காய்ச்சல், எடை, வீட்டில் வேறு யாருக்கேனும் இருமல் உண்டா என்பது ஆகிய ஐந்தையும் மருத்துவர் கேட்பார். மைசூரில் பிறந்து வளரும் தமிழ்ப் பிள்ளைகள் கன்னடமும் பேசுவர். அவர்களின் பாட்டியோ, ஊரிலிருந்து புதிதாக வந்த உறவினரோ பேசுவதில்லை. அத்தகைய நேரத்தில் பிள்ளைகளே இரு மொழிக்கும் பாலமாகின்றனர். இருமல் என்பது கன்னடத்தில் 'கெம்மு', காய்ச்சல் 'ஜ்வர'. 'எரடு வாரதிந்த கெம்மு இதெ' என்றால், இரண்டு வாரமாக இருமல் இருக்கிறது என்று பொருள். இந்த ஒரு தொடர் தக்க காலத்தில் சொல்லப்பட்டால் ஓர் உயிரையே காக்கக்கூடும்.

மூச்சு வேகமாக வாங்குதல், மூச்சிழுக்கும்போது விலாவின் கீழ்ப்பகுதி உள்வாங்குதல், உதடு நீலம் பாரித்தல், நீர்கூடக் குடிக்க இயலாமை, சளியில் இரத்தம் ஆகியவற்றுள் ஒன்று காணப்பட்டாலும் இரண்டு வாரம் காத்திருக்கக் கூடாது. உடனே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

காசநோய் வந்தவர் தவறு செய்தவர் அல்லர். காற்று எல்லோருக்கும் பொது. அதன் வழியே வரும் நோய் அரண்மனையையும் குடிசையையும் பிரித்துப் பார்ப்பதில்லை. இருமும்போது வாயை மூடுவது நல்ல பண்பு. இருமல் நீடிக்கும்போது அதைப் பற்றி வாய் திறந்து சொல்வது அதனினும் நல்ல பண்பு.

சொல்லும் பொருளும்

முகுளம் – மூளையின் அடிப்பகுதி
அழற்சி – வீக்கமும் சூடும் உண்டாகும் நிலை
என்பு – எலும்பு
இடர் – தடை, துன்பம்
ஊடுகதிர் – எக்ஸ் கதிர்
மாண்டனர் – இறந்தனர்
நடுவண் அரசு – மத்திய அரசு

வினாக்கள்

1. இருமல் ஒரு காவல் முறை என்பதைப் பாடப்பகுதி கொண்டு விளக்குக.
2. 'காசநோய்', 'என்புருக்கி நோய்', 'க்ஷய' ஆகிய பெயர்கள் எந்தெந்த அறிகுறிகளைக் குறிக்கின்றன?
3. குழந்தைக்குக் காசநோய் என்று தெரிந்தால் வீட்டிலுள்ள பெரியவர்களையும் சோதிப்பது ஏன்?
4. 1959இல் வெளியான சென்னை ஆய்வின் முடிவு யாது? அதனால் நோயாளர்க்கு விளைந்த நன்மை என்ன?
5. நோயுற்றவரை ஒதுக்கி வைத்தால் நோய் குறையுமா, பெருகுமா? உம் கருத்தைக் காரணத்துடன் எழுதுக.

செயல்பாடு

உடல்நலம் தொடர்பான பத்துத் தமிழ்ச் சொற்களை எழுதி, அவற்றுக்கு நேரான கன்னடச் சொற்களை வீட்டாரிடமும் அண்டை வீட்டாரிடமும் கேட்டு அட்டவணைப்படுத்துக. ஒலியால் ஒத்திருக்கும் சொற்களை அடிக்கோடிடுக.